மலையில் வெண்ணெய் பிஸ்கட் சுடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் ஓவனுக்கு ஓய்வு கிடையாது. முறுக்கும் அதிரசமும் கல்கல்லும் ஒருபக்கம் தயாரானாலும், பாட்டி காலத்துக் குறிப்பை வைத்துச் சுடும் வெண்ணெய் பிஸ்கட் தகர டப்பாவில் நிறையாமல் கிறிஸ்துமஸ் களைகட்டுவதில்லை. அது கெட்டுப்போவதும் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். தட்டில் வட்ட வட்டமாக வைத்த மாவு ஓவனுக்குள் இளகிப் பரந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓரம் கருகி வெளியே வரும். உடனே வீட்டில் ஒருவர், “உப்பவே இல்லையே, அடுத்த முறை பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் கூடப் போடு” என்பார். மலையில் அந்த யோசனையைக் கேட்கவே கூடாது.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தைவிட இங்கே காற்றழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைவு. அதனால் பேக்கிங் பவுடரிலிருந்து கிளம்பும் வாயு தேவைக்கு மேல் விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் பெருத்து உடைந்துவிட, பிஸ்கட் அமுங்கிப் பரவுகிறது. பவுடரைக் கூட்டக் கூட்ட இன்னும் அதிகமாகப் பரவும். குறிப்பில் ஒரு தேக்கரண்டி என்று இருந்தால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அரைத் தேக்கரண்டி போதும். குன்னூர் சற்றுக் கீழே இருப்பதால் முக்கால்வரை போகலாம். எடைக் கணக்கில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சர்க்கரை என்பது பழைய முறை. அதற்குப் பேக்கிங் பவுடரே வேண்டாம். வெண்ணெயின் மணம் மறைக்கப்படாமல் முழுதாக நிற்பது அந்த முறையில்தான். என் ஓட்டும் அதற்கே.

ஆனால் அழுத்தத்தைவிட அதிகமாகப் பிஸ்கட்டைக் கெடுப்பது வெண்ணெயை உருக்கும் அவசரம். மார்கழிக் குளிரில் ஊட்டிச் சமையலறையில் வெளியே வைத்த வெண்ணெயும் கத்தி இறங்காத அளவுக்கு இறுகியிருக்கும். சமவெளியில் எழுதப்பட்ட குறிப்பு “வெண்ணெயை அரை மணி நேரம் வெளியே வைக்கவும்” என்று சொல்லும். இங்கே இரண்டு மணி நேரம் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். பொறுமை இழந்து வாணலியில் போட்டு ஒரு சூடு காட்டுகிறோம். அந்த இடத்திலேயே பிஸ்கட் பாழாகிவிடுகிறது.

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைத் துகள்கள் வெண்ணெயைக் கீறிக் கீறி உள்ளே நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பிஸ்கட் வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர்வதற்கு அந்தக் காற்றறைகள் வேண்டும். உருகிய வெண்ணெயால் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. மறுபடி குளிரவைத்தாலும் பழைய பக்குவம் திரும்புவதில்லை. 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் என்பது சரியான பதம். வெப்பமானி இல்லாவிட்டால் கட்டைவிரலே போதும். அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். அந்தப் பள்ளம் பளபளக்காமல் மங்கலாக இருக்க வேண்டும். விரலை எடுத்தால் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கக் கூடாது. பளபளப்புத் தெரிந்தால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள்.

குளிர்ந்த வீட்டில் அந்தப் பதத்தை எட்ட வழி உண்டு. வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்கிக் கிண்ணத்தில் பரப்பி, அந்தக் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்தின் மேல் வைத்து, இடையிடையே கரண்டியால் புரட்டிக்கொண்டே இருங்கள். தண்ணீர் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது. ஓவனில் விளக்கு இருந்தால், சூடேற்றாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைப்பதும் நல்ல முறை. பிறகு பொடித்த சர்க்கரையைச் சேர்த்து, நிறம் வெளுத்து மென்மையாகும்வரை அடிக்க வேண்டும். நம் கடைச் சர்க்கரை பருமனானது. பொடிக்காமல் போட்டால் கரையாமல் நின்று, ஓவனில் பாகாகி மாவை இன்னும் பரப்பும். மலையில் ஈரம் விரைவாக ஆவியாவதால் சர்க்கரையின் செறிவு கூடிவிடும் என்பதையும் கணக்கில் கொண்டு, ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி குறைத்துவிடுங்கள்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். கடை வெண்ணெயில் கொழுப்பு ஏறத்தாழ 80 சதவீதம், நீர் 16 சதவீதத்துக்குள். கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த நீரில் அலசி, நீர் வடியும்வரை மரக்கரண்டியால் அழுத்திப் பிழிந்த பிறகே எடை போட வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றுவோர் அதே எடையை ஊற்றிவிடுகிறார்கள். நெய்யில் நீர் இல்லாததால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய்தான் ஈடு. உப்புச் சேர்த்த மஞ்சள் வெண்ணெய் வாங்கினால் குறிப்பில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள். வனஸ்பதி மட்டும் வேண்டாம். செலவு குறையும், உண்மைதான். அண்ணத்தில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பைப் பண்டிகைப் பலகாரத்தில் ஏன் சேர்க்க வேண்டும்?

குடும்பக் குறிப்புகளை அப்படியே நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. எஸ்டேட் பங்களாச் சமையலறைகளில் வேலை பார்த்த பெரியவர்கள் எழுதிவைத்த நோட்டுகளில் பவுண்டும் அவுன்சும் இருக்கும். ஒரு பவுண்டு 454 கிராம், ஒரு அவுன்ஸ் 28 கிராம். சூடு 350 என்று எழுதியிருந்தால் அது பாரன்ஹீட்; நம் ஓவனுக்கு 177 டிகிரி. முட்டை இரண்டு என்றால் அது நாட்டுக்கோழி முட்டையாக இருக்கக்கூடும். அது 40 கிராம் அளவுதான் வரும், இன்றைய பண்ணை முட்டை 50 கிராமைத் தாண்டும். அந்த 20, 30 கிராம் ஈரமே மாவைத் தளர்த்தப் போதும். “ஒரு டம்ளர் மைதா” என்று எழுதியவருடைய டம்ளர் எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் கையால் அள்ளிப் போடுவதையெல்லாம் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதிவையுங்கள். இந்த டிசம்பரிலேயே செய்யுங்கள்.

மைதா சேர்த்த பிறகு சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசையக் கூடாது. பிசைந்தால் மாவுக்கு இழுவை தரும் பசையம் இறுகிப் பிஸ்கட் கல்லாகிவிடும். உலர்ந்த மாவு கண்ணில் படாத நிலை வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். உருட்டி வைத்த மாவைத் தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது.

ஓவனை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்காமல் தட்டை உள்ளே தள்ளுவது, முதல் ஈடு இறங்கிய சூடான தட்டிலேயே அடுத்த ஈட்டை வைப்பது இரண்டும் ஒரே விளைவைத்தான் தரும்: மாவு வேகும் முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடும். குளிர்ந்த சமையலறையில் 15 நிமிடமாவது ஓவன் காயட்டும். குறிப்பில் 170 டிகிரி என்றால் இங்கே 180 வையுங்கள். ஓரம் சீக்கிரம் வெந்து இறுகிவிடும். நேரத்தை மட்டும் குறைத்து, 12 நிமிடம் என்று இருந்தால் ஒன்பதாவது நிமிடத்திலேயே பாருங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமாகி, நடுவில் வெளிறியும் மெத்தென்றும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானாக இறுகும். மெழுகு பூசிய தாளைத் தட்டில் விரிக்காதீர்கள், புகையும்.

அடுக்கிவைப்பதில் பனிமூட்டம் பகை. திறந்துவைத்த பிஸ்கட் ஒரு மாலைக்குள் நமத்துவிடும். அதற்குப் பயந்து சூடு ஆறும் முன்பே டப்பாவில் போட்டால் உள்ளே வேர்த்து அதுவும் நமத்துப்போகும். கம்பித்தட்டில் முழுக்க ஆறவிட்டு, அப்போதே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று பழக் கேக்கை அதே டப்பாவில் வைத்துவிடாதீர்கள். கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்கு ஏறிவிடும். நமத்தவை வீணில்லை. 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும்.

கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கொடுத்தனுப்புவதாக இருந்தால் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி ஒட்ட வேண்டாம். மலையில் அடைத்த காற்று கீழே இறங்க இறங்கச் சுருங்கும். உறை பிஸ்கட்டோடு ஒட்டி நெருக்கி, மெல்லிய ஓரங்களை உடைத்துவிடும். தகர டப்பாதான் சரி. குறிப்பையும் சேர்த்து அனுப்பினால், பேக்கிங் பவுடரும் சர்க்கரையும் அங்கே பழைய முழு அளவு, சூடு 170 என்று திருத்தி எழுதுங்கள். சென்னையில் டிசம்பரிலும் வெண்ணெய் விரைவாக இளகிவிடும் என்பதால், அங்கே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பதம் வந்ததுமே அடிக்கத் தொடங்க வேண்டும் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.