கலைந்த விண்டோக்களை ஒரே கிளிக்கில் இடத்தில் நிறுத்த: பவர்டாய்ஸ் ஒர்க்ஸ்பேசஸ் செய்முறை

மொழிபெயர்ப்பு வேலைக்கு உட்கார்ந்தால் எனக்கு நான்கு விண்டோ வேண்டும். இடப்பக்கம் மூல நூலின் பிடிஎஃப். வலப்பக்கம் வேர்ட். வேர்டுக்குக் கீழே ஒடுக்கமாக ஒரு பிரவுசர், அதில் அகராதி. இரண்டாவது மானிட்டரில் கலைச்சொல் பட்டியல் வைத்திருக்கும் எக்செல். கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நான்கையும் தேடித் திறந்து, இழுத்து, ஓரம் பிடித்துச் சுருக்கி முடிப்பதற்குள் வேலையில் இருந்த பிடிப்பு பாதி போய்விடும்.

இப்போது டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு ஷார்ட்கட் வைத்திருக்கிறேன். அதை இருமுறை கிளிக் செய்தால் நான்கும் வந்து அததன் இடத்தில் நிற்கின்றன. இதைச் செய்து தருவது பவர்டாய்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள ஒர்க்ஸ்பேசஸ் என்னும் வசதி. கணினியில் பெரிய பழக்கம் இல்லாதவரும் அரை மணி நேரத்தில் அமைத்துக்கொள்ளலாம்.

பவர்டாய்ஸ் மைக்ரோசாஃப்டே வெளியிடுவது. விண்டோஸ் 95 காலத்திலேயே இந்தப் பெயரில் சின்னச் சின்னக் கருவிகள் வந்தன. 2019-இல் அந்தப் பெயரை மீண்டும் எடுத்து, மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்துப் புதிதாகத் தொடங்கினார்கள். ஒர்க்ஸ்பேசஸ் அதில் சேர்ந்தது 2024 செப்டம்பரில், 0.84 பதிப்பில். காசு இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்பதும் இல்லை.

நிறுவுவது

விண்டோஸ் 11 இருந்தால் போதும். விண்டோஸ் 10 என்றால் 2004 என்ற பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து பவர்டாய்ஸ் என்று தேடி நிறுவுங்கள். ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். தேடுபொறியில் கிடைக்கும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து எடுக்காதீர்கள். இலவசக் கருவிகளின் பெயரில் வேறெதையோ தலையில் கட்டும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

நிறுவியதும் டாஸ்க்பாரின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் ஐகான் தெரியும். தெரியவில்லை என்றால் அங்கிருக்கும் மேல்நோக்கிய சிறு அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். பவர்டாய்ஸ் செட்டிங்ஸைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் ஒர்க்ஸ்பேசஸைத் தேர்ந்து, அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் பிடிப்பதற்கு முன் மேசையைத் துடையுங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான். இந்தக் கருவி, நீங்கள் பதிவு பட்டனை அழுத்தும் நொடியில் திறந்திருக்கும் எல்லா விண்டோக்களையும் எடுத்துக்கொள்ளும். மினிமைஸ் செய்து கீழே ஒதுக்கி வைத்திருப்பவையும் அதில் சேரும். பாட்டுக் கேட்கத் திறந்த செயலி, பாதியில் விட்ட அரட்டை, நேற்றிலிருந்து மூடாத கால்குலேட்டர் எல்லாமே உள்ளே போய்விடும். அதனால் முதலில் அனைத்தையும் மூடுங்கள். பிறகு இந்த ஒரு வேலைக்குத் தேவையானவற்றை மட்டும் திறந்து, இழுத்து, நீங்கள் விரும்பும் அளவுக்கு வையுங்கள். விண்டோஸ் பட்டனோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் விண்டோ சரிபாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும்; கையால் இழுப்பதைவிட அது சுத்தம்.

அவசரப்படாமல் அந்த அமைப்பில் பத்து நிமிடம் உண்மையாகவே வேலை செய்து பாருங்கள். அகராதி விண்டோ இன்னும் இரண்டு வரி உயரமாக இருந்தால் நல்லது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பதிவு செய்வது

விண்டோஸ், கன்ட்ரோல் இரண்டையும் பிடித்துக்கொண்டு, எஸ்கேப் பட்டனுக்கு நேர் கீழே, எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் பட்டனை அழுத்துங்கள். ஒர்க்ஸ்பேசஸ் எடிட்டர் திறக்கும். உங்கள் கீபோர்டில் அந்த இடத்தில் வேறு பட்டன் இருந்தால் கவலை வேண்டாம். செட்டிங்ஸ் பக்கத்திலிருந்தே எடிட்டரைத் திறக்கலாம், இந்தக் குறுக்குவழியையும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

எடிட்டரில் 'கிரியேட் ஒர்க்ஸ்பேஸ்' என்ற பட்டனை அழுத்துங்கள். சிறிய பெட்டி ஒன்று வரும். இந்த நேரத்திலும் விண்டோக்களை நகர்த்தித் திருத்தலாம். எல்லாம் சரி என்றதும் 'கேப்சர்' பட்டனை அழுத்துங்கள். உங்கள் திரையின் சிறு வரைபடமும், அதன் கீழே செயலிகளின் பட்டியலும் வந்து நிற்கும். தவறிப்போய் உள்ளே வந்த செயலி இருந்தால் இங்கேயே நீக்கிவிடலாம்.

பெயர் வைக்கும்போது வேலையின் பெயரை வையுங்கள். 'ஒர்க்ஸ்பேஸ் 1' என்று விட்டுவிட்டால், நான்காவதை உருவாக்கும்போது எது எது என்று உங்களுக்கே தெரியாது. என்னுடையவை 'மொழிபெயர்ப்பு', 'மெய்ப்பு', 'கணக்கு', 'கூட்டம்'. எல்லா வேலைக்கும் ஒரே அமைப்பு என்று முயன்று பார்த்திருக்கிறேன். பதினோரு விண்டோ திறந்து கணினியே திணறியது. ஒரு வேலைக்கு ஓர் அமைப்பு என்று பிரித்த பிறகுதான் இது பயன்பட ஆரம்பித்தது.

டெஸ்க்டாப் ஷார்ட்கட் உருவாக்கும் பெட்டியையும் டிக் செய்து, சேமித்துவிடுங்கள்.

செயலி திறக்கிறது, ஃபைல் திறக்கவில்லையே?

இப்போது எல்லாவற்றையும் மூடிவிட்டு ஷார்ட்கட்டை இருமுறை கிளிக் செய்யுங்கள். எந்தச் செயலி திறந்துவிட்டது, எது திறக்கவில்லை என்று காட்டும் சிறு பட்டியல் வரும். வேர்ட் சரியான இடத்தில் திறக்கும், ஆனால் உள்ளே உங்கள் ஃபைல் இருக்காது. பிரவுசர் திறக்கும், அகராதிப் பக்கம் இருக்காது. இது பழுதல்ல. ஒர்க்ஸ்பேசஸ் நினைவில் வைப்பது எந்தச் செயலி, எந்த இடம், எந்த அளவு என்பதை மட்டுமே. உள்ளே என்ன திறக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டாமல் 'இது உதவாது' என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குப் போங்கள். ஃபைலின் மீது ஒருமுறை கிளிக் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்தால் 'காப்பி ஆஸ் பாத்' என்று வரும். ஃபைலின் முழு முகவரி நகலாகிவிடும்.

அடுத்து எடிட்டரில் உங்கள் ஒர்க்ஸ்பேஸைத் திருத்தத் திறந்து, வேர்டின் வரிசையை விரியுங்கள். 'சிஎல்ஐ ஆர்கியுமென்ட்ஸ்' என்றொரு கட்டம் இருக்கும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். செயலியைத் திறக்கும்போது அதன் கையில் கொடுத்தனுப்பும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுத்த முகவரியை அங்கே ஒட்டுங்கள். முகவரியின் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி சேர்ந்தே வந்திருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். ஃபோல்டர் பெயரிலோ ஃபைல் பெயரிலோ இடைவெளி இருந்தால், அந்தக் குறி இல்லாமல் வேர்ட் முகவரியைத் துண்டு துண்டாகப் படித்து 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று சொல்லும்.

பிரவுசருக்கு அதே கட்டத்தில் இணைய முகவரியை ஒட்டினால் போதும். இரண்டு மூன்று பக்கம் வேண்டுமென்றால் நடுவில் ஓர் இடைவெளி விட்டு வரிசையாக எழுதுங்கள். தனித்தனி டேப்பாகத் திறக்கும்.

அதே வரிசையில் இடது, மேல், அகலம், உயரம் என்று நான்கு எண்களும் இருக்கும். பாதித் திரையில் ஒட்டிய விண்டோவுக்கு இடது எண் -7 என்பதுபோல் வந்திருந்தால் திருத்தப் போகாதீர்கள். விண்டோக்களைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஓரம் உண்டு, சுட்டி பிடித்து இழுப்பதற்காக. அதையும் சேர்த்துக் கணக்கிட்டதால் வந்த எண் அது. பூஜ்யம் ஆக்கினால் திரையின் ஓரத்தில் ஒரு கோடு இடைவெளி விழும்.

இன்னும் சில

செயலிகள் ஏற்கெனவே திறந்திருக்கும்போது ஷார்ட்கட்டை அழுத்தினால் இரண்டாவது பிரதி திறக்கிறதா? ஒர்க்ஸ்பேஸைத் திருத்தும் பக்கத்தில், திறந்திருக்கும் விண்டோக்களையே நகர்த்தச் சொல்லும் டிக் பெட்டி உள்ளது. அதைப் போட்டுவிடுங்கள். நான் எப்போதும் போட்டே வைத்திருப்பேன்.

நிர்வாகி (அட்மினிஸ்ட்ரேட்டர்) உரிமையோடு இயங்கும் செயலி ஏதாவது நகர மறுத்தால், பவர்டாய்ஸையும் நிர்வாகியாக இயக்க வேண்டும். சாதாரண உரிமையில் இயங்கும் நிரல் அதற்கு மேலான உரிமையில் இயங்குவதைத் தொட விண்டோஸ் விடாது.

மடிக்கணினியைச் சில நாள் தனியாகவும் சில நாள் மானிட்டரோடும் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு நிலைக்கும் தனித்தனி ஒர்க்ஸ்பேஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு திரைக்காக அமைத்ததை ஒரு திரையில் திணிப்பதில் நிம்மதி இல்லை.

மானிட்டர் அணைந்து எழுந்தால் எல்லாம் ஒரே பக்கம் குவிகிறதா?

இது வேறு சிக்கல். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்த பல மானிட்டர்கள் உறங்கப் போகும்போது, கேபிளையே கழற்றிவிட்டது போன்ற சைகை கணினிக்குப் போகும். விண்டோஸும் அதை நம்பி, அங்கிருந்த விண்டோக்களை மிச்சமிருக்கும் திரைக்கு அள்ளிப் போடும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் 'மல்டிப்பிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியை விரித்தால், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் பெட்டி இருக்கும். அதில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் 'பெர்சிஸ்டென்ட் விண்டோஸ்' என்ற இன்னொரு இலவசக் கருவி கிட்ஹப்பில் இருக்கிறது. இயக்கிவிட்டால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து, விண்டோக்களின் இடத்தைத் தானே குறித்துவைத்துக்கொள்ளும். மானிட்டர் திரும்பி வந்ததும் பழைய இடத்துக்கு அனுப்பும். கணினியை மறுதொடக்கம் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும், அதன் ஐகானில் வலது கிளிக் செய்து, இப்போதைய அமைப்பை டிஸ்க்கில் சேமிக்கச் சொல்லும் வரியைத் தேர்ந்துவிட்டு அணையுங்கள். மீண்டும் உள்ளே வந்ததும் அதே மெனுவில் டிஸ்க்கிலிருந்து மீட்கும் வரியை அழுத்தலாம்.