கமாரோ இசட்/28-ஆ, மஸ்டாங் பாஸ் 302-ஆ? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1969 மாடல் ஷெவர்லே கமாரோ இசட்/28, ஃபோர்டு மஸ்டாங் பாஸ் 302 இரண்டுமே ட்ரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் என்ஜின் வரம்பை மனதில் வைத்துச் செய்தவை. இன்று இவற்றைப் பழைய காராக வாங்க ஒப்பிடுபவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. போர் (சிலிண்டர் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3 அங்குலம், கொள்ளளவு 302 கன அங்குலம், 290 குதிரைத்திறன் என்று காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

அந்த 290-ஐ அப்படியே நம்புவது முதல் தவறு. அது ஏர் ஃபில்டர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாமல் என்ஜினை மட்டும் ஸ்டாண்டில் ஓட்டி எடுத்த கிராஸ் கணக்கு. அந்தப் பாகங்களை எல்லாம் மாட்டி எடுக்கும், 1972 முதல் வந்த நெட் கணக்கோடு அதை ஒப்பிடவே கூடாது. அதோடு, இரு கம்பெனியும் குறைத்தே சொன்னார்கள் என்பது ஊரறிந்த சங்கதி.

அடுத்த தவறு, டெஸ்ட் டிரைவில் குறைந்த ஆர்பிஎம்மில் ஓட்டிப் பார்த்துவிட்டு "இழுவை இல்லை" என்று முடிவுகட்டுவது. இரண்டும் மேலே சுற்றினால்தான் உயிர் பெறும். பெரிய வால்வு உள்ள பாஸுக்கு இது இன்னும் பொருந்தும். டேப்பெட் சத்தத்தைக் கேட்டு ஓடவும் வேண்டாம். இவை சாலிட் லிஃப்டர், அதாவது வால்வைத் தள்ளும் பாகம் எண்ணெய் மெத்தை இல்லாத திட வகை. இசட்/28-இல் சூடான நிலையில் 0.030 அங்குல இடைவெளி விடுவதால் சத்தம் இருக்கத்தான் செய்யும். பாஸில் பயப்பட வேண்டியது பிஸ்டனுக்கு. பழைய ஒரிஜினல் பிஸ்டன்களின் ஸ்கர்ட் (கீழ்ப்பக்கச் சுவர்) விரிசல் விடும். அவற்றை மாற்றி, பில்லையும் வைத்திருக்கும் காரை நான் ஒரு படி மேலாகவே மதிப்பேன்.

பெரிய பணம் போவது அடையாளத்தில்தான். மஸ்டாங்கின் வண்டி எண்ணில் ஐந்தாவது இடத்தில் 'ஜி' இருந்தால் பாஸ் 302. ஃபோர்டு பதிவுகளிலிருந்து எடுக்கும் மார்ட்டி ரிப்போர்ட்டோடு ஒத்துப்பார்த்துவிடலாம். கமாரோவின் எண் வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்) என்பதற்கு மேல் வாய் திறக்காது. நார்வுட் ஆலையில் 1968 டிசம்பர் மத்திக்குப் பின் செய்த இசட்/28-களின் ட்ரிம் பிளேட்டில் (பெயின்ட், உள் அலங்காரக் குறியீடுகள் உள்ள தகடு) எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருக்கும். அந்தப் பிளேட்டையே போலியாக அடிப்பவர்கள் உண்டு.

ஆகவே டார்ச்சோடு குனியுங்கள். என்ஜினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஒரு தட்டையான பட்டை இருக்கும். அதில் 'டிஇசட்' என்று முடியும் குறியீடும் வண்டி எண்ணின் பின்பகுதியும் வேண்டும். எழுத்துகளுக்கு அடியில் முன்பின்னாக ஓடும் மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். பட்டை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். பிளாக்கின் வார்ப்பு எண் 3970010 என்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். சாதாரண 350 என்ஜினிலும் அதே எண்தான். வார்ப்புத் தேதி, என்ஜின் கோத்த தேதி, கார் முடிந்த தேதி இந்த வரிசையில் வர வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஏமாறலாம். 1969-இல் பாஸ் 1,628, இசட்/28 20,302 (கடைசி மூன்று இலக்கத்தைப் பாருங்கள்!). ஆனால் 1970-இல் பாஸ் 7,000-க்கும் மேல் வந்தது. அபூர்வம் என்ற கணக்கு 1969 பாஸுக்கு மட்டும்தான் அந்த அளவுக்குப் பொருந்தும்.

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். மஸ்டாங்கில் முன் ஷாக் டவர் (ஷாக் அப்சார்பரைத் தாங்கும் பகுதி) விரிசல், கவுல் (முன் கண்ணாடிக்குக் கீழுள்ள பகுதி) வழியாகத் தண்ணீர் கசிந்து அரித்த தரை; கமாரோவில் டிக்கி தரை, பின் குவார்ட்டர் பேனல் (பின் சக்கரத்தைச் சுற்றிய பக்கத் தகடு), சப்ஃப்ரேம் மவுண்ட் (முன்பக்கச் சட்டம் பாடியோடு சேரும் இடம்). இவற்றை லிஃப்டில் ஏற்றி, காந்தம் வைத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது.