'நம்பர் ஒன் ரேடியோ' கணக்கை நம்பும் முன்: நம் கடலோரத்தில் நேயர்களை எண்ணுவதில் நடக்கும் தவறுகள்

தீபாவளிக்கு முன்னால் ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஒரு ரேடியோ நிலையத்துக்கு விளம்பரம் பிடிக்க வந்த பையன் கொடுத்துவிட்டுப் போனதாம். "தம்பி, நம்பர் ஒன்னுன்னு போட்டிருக்கான். நம்பலாமா?" வழவழ தாள், கலர் கலராகப் படம். எந்த ஊரில், எத்தனை பேரிடம், எந்த வாரம் கேட்ட கணக்கு என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

முதல் தவறு அங்கேதான். ஊர் பேர் இல்லாத கணக்கை நம் ஊர் கணக்காக எடுத்துக்கொள்வது. இந்தியாவில் வானொலி நேயர்களை வாராவாரம் அளப்பதற்கென்று 2007-ல் 'ராம்' என்ற ஏற்பாடு வந்தது. டாம் மீடியா ரிசர்ச் நடத்தியது. அது எடுத்துக்கொண்ட ஊர்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்குதான். சென்னையே அந்தப் பட்டியலில் இல்லை என்றால் தொண்டியும் கீழக்கரையும் எங்கே இருக்கப்போகின்றன? ஆகவே "உங்க மாவட்டத்துல நாங்கதான் முதலிடம்" என்று ஒருவர் சொன்னால், அளந்தது யார் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அளந்தாலும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 'ராம்' முறையில் ஆளுக்கொரு டைரி. எந்த நேரத்தில் எந்த நிலையம் கேட்டேன் என்று அவரவரே குறிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் விடுமுறை நாட்குறிப்பு எழுதிய எல்லோருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே பேனாவில் முடிப்போம். அப்போது கையில் வருவது கேட்ட நிலையத்தின் பெயர் அல்ல, ஞாபகத்தில் நிற்கும் பெயர். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிய நிலையத்துக்கு அதில் லாபம். நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு இன்றும் எந்தத் தமிழ் நிலையமானாலும் 'சிலோன்'தான். அவர்கள் கையில் டைரியைக் கொடுத்தால் பாம்பன் நிலையத்தின் நேயர்கூட இலங்கைக் கணக்கில் போய் விழுவார்.

அதுவும் முழுக்கத் தப்பென்று சொல்லிவிட முடியாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். காற்று அடங்கி, கடல்மேல் வெக்கை படிந்த நாட்களில் பண்பலை அலை வளைந்து வெகுதூரம் வரும். இலங்கைத் தமிழ் நிலையங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவதுபோலத் துல்லியமாகக் கேட்கும். கச்சான் காற்று பலமாக அடிக்கும் வாரத்தில் அதே நிலையம் இரைச்சலோடு கேட்கலாம். ஒரே வாரத்தை வைத்து "எங்க ஊரு ஆளுங்க இலங்கை ரேடியோதான் கேக்குறாங்க" என்று முடிவுகட்டினால், அளந்தது ரசனையை அல்ல, காற்றைத்தான்.

வாரம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன், இந்தக் கரையில் எல்லாரும் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக்கிடக்கும், ஆட்கள் வலைக்கொட்டகையில் உட்கார்ந்து வலை பொத்துவார்கள், பக்கத்தில் ரேடியோ பாடும். மே மாதம் கணக்கெடுத்தால் பகல் 11 மணி நிகழ்ச்சிக்கு நேயர் கொட்டும். ஜூலையில் அதே ஆட்கள் அந்நேரம் தூங்குவார்கள், விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வந்தவர்கள் ஆயிற்றே. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்குச் சில நாள், நாட்டுப்படகுக்குச் சில நாள் என்று முறை உண்டு. புதன்கிழமை கேட்டதும் வியாழக்கிழமை கேட்டதும் ஒன்றாக இராது. நோன்பு மாதத்தில் கீழக்கரையில் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்துக்கு விழித்திருக்கும் வீடுகளை ஒரு சாதாரண மாதக் கணக்கு காட்டவே காட்டாது.

நான் ஒருமுறை பாம்பன் சின்னப்பாலம் கிராமத்துப் பக்கம் இப்படியொரு கணக்கெடுப்புக்குக் கூட நடந்தேன். தாளில் முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் ரேடியோ இருக்கிறதா?" பாசி எடுக்கப் போகும் ஒரு அக்கா "இல்ல தம்பி" என்றார். உடன் வந்த பையன் 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பினான். அந்த அக்காவின் கழுத்தில் இயர்போன் தொங்கியது. "அக்கா, அதுல என்ன கேக்குறீங்க?" "இதுவா, செல்லுல எப்.எம். வருதே, காத்து எப்படின்னு சொல்லுவாங்கள்ல." நாங்கள் ரேடியோ என்றது பெட்டியை, அவர் கேட்பது செல்லில். தாளில் இல்லாத நேயர் இப்படி எத்தனை பேரோ!

அந்த இயர்போனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் டைரியை நம்ப முடியாமல் பெரிய நகரங்களில் 2007 முதல் இடுப்பில் மாட்டும் சிறு கருவிக்கு மாறினார்கள். நிலையம் தன் ஒலியோடு காதுக்குத் தெரியாத ஒரு குறியையும் கலந்து அனுப்பும், கருவி அதைப் பிடித்துப் பதியும். மறதிக்கு அதில் இடமில்லை. ஆனால் டீக்கடையில் யாரோ வைத்த பாட்டும் உங்கள் கணக்கில் ஏறும், காதுக்குள் செருகிய இயர்போன் சத்தமோ தானாக ஏறாது. நம் ஊரில் செல்லுக்கு இயர்போன் வயர்தான் ஏரியல். அந்தக் கருவியை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால் அந்த அக்கா மறுபடியும் காணாமல் போவார்.

"எங்க நிலையத்தைக் கேப்பீங்களா?" என்று நிலையத்தின் பனியனைப் போட்டுக்கொண்டு போய்க் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வீடு தேடி வந்தவரிடம் மூஞ்சியில் அடித்தாற்போல இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிலையத்தின் பெயரையே எடுக்காமல், நேற்று எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று நேரம் நேரமாகக் கேட்டு, நடுவே என்ன காதில் விழுந்தது என்று கேட்டால் ஓரளவு உண்மை வரும். பாட்டுப் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புபவர்களின் எண்ணிக்கையும் நேயர் கணக்காகாது. தினமும் அனுப்புவது பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

எண்ணிக்கைப் பக்கம் வருவோம். நூறு பேரிடம் கேட்டு இருபது பேர் ஆம் என்றார்கள் என்று வையுங்கள். உண்மை 12 சதவீதமாகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். நானூறு பேர் என்றால் 16-க்கும் 24-க்கும் நடுவே வரும். ஆளை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும். அதுவும் சீட்டுக் குலுக்கினாற்போல ஆளைத் தேர்ந்திருந்தால் மட்டுமே. விடிகாலை ஏலக்கூடத்தில் நின்று கேட்டால் ஆயிரம் பேரானாலும் பெரும்பாலும் ஆண்கள் கணக்குதான். போன மாதம் 19 சதவீதம், இந்த மாதம் 22 என்று, இந்தப் பிழைக்குள்ளேயே அடங்கும் வித்தியாசத்துக்குக் கேக் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

எதால் வகுக்கிறோம் என்பதிலும் கோளாறு வரும். ஊர் மக்களுக்காக நடக்கும் சின்ன நிலையமான சமுதாய வானொலிக்கு 100 வாட் வலுவும் 30 மீட்டர் உயரக் கம்பமும்தான் அனுமதி. நிலத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டுவது அபூர்வம், தடையில்லாத கடலில் கொஞ்சம் கூட எடுக்கும். பாம்பனில் 90.4-ல் ஒலிக்கும் கடல் ஓசையின் நேயர்களை, 2011 கணக்குப்படி 13 லட்சத்து 53 ஆயிரம் பேர் உள்ள மாவட்டத்தால் வகுத்தால் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். அலையே எட்டாத கமுதிக்காரரை ஏன் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்? இதே வித்தையைத் திருப்பிப்போட்டு, ரேடியோ கேட்பவர்களுக்குள் மட்டும் பங்கு பார்த்து "பாதிப்பேர் எங்களைத்தான் கேக்குறாங்க" என்பதும் உண்டு. பத்தே பேர் கேட்டாலும் அதில் ஐந்து பேர் பாதிதானே.

ஜவுளிக்கடை அண்ணன் கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். பில் போடும் இடத்தில் "எங்கே கேள்விப்பட்டு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போடச் சொன்னார். மோசமில்லை. விளம்பரத்தைக் கேட்டும் கடைக்கு வராதவர் மட்டும் அந்த நோட்டில் வரமாட்டார் என்று சொன்னேன். "வராதவனை வச்சு நான் என்ன தம்பி பண்ண?" என்றார்.