ஆட்டுக் கழுத்தில் முண்ணாண் நரம்பைத் தேடிப் பிடிப்பது

இலங்கையின் தேயிலை மலைப்பகுதியான பொகவந்தலாவையில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணின் குறுக்குவெட்டை என் பிள்ளைகள் அழகாக வரைவார்கள். அதிலிருந்து புறப்படும் நரம்பு எலும்பைத் தாண்டி எப்படி வெளியே வருகிறது என்று கேட்டால்தான் திணறுவார்கள். ஆகவே வெளியே தெரியும் நரம்பில் தொடங்கி உள்ளே போவோம்.

இறைச்சிக் கடையில் ஆட்டுக் கழுத்தைப் பிளக்காமல் முழுதாகக் கேளுங்கள். தோள்பக்க முனை கட்டாயம் வேண்டும். முன்னங்காலுக்கான தடித்த நரம்புகள் புறப்படும் இடம் அது. மனிதரில் 5ஆம் கழுத்து நரம்பு முதல் 1ஆம் மார்பு நரம்பு வரை பின்னிச் சேர்ந்து தோளுக்கும் விரல்களுக்கும் போகின்றன. கொழுந்துக்கூடைக் கயிற்றைத் தலையில் போட்டுச் சுமக்கும் அம்மாமாரின் பிள்ளைகள் இந்த இடத்தை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையுறை போடுங்கள். தசையை வெட்டி எறியாமல் மழுங்கிய ஊசியால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு முள்ளென்புகளுக்கு (முதுகெலும்பின் தனித்தனித் துண்டுகளுக்கு) இடையிலுள்ள துளையிலிருந்து உறுதியான வெள்ளை நாண் ஒன்று வரும், அதுதான் நாம் தேடும் நரம்பு. அதில் நூல் கட்டுங்கள்.

அடுத்த வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். முள்ளென்பின் முதுகுப்புற வளைவையும் துளையின் மேற்பக்கத்தையும் வெட்டுக்குறடால் சிறிது சிறிதாக உடைத்தெடுங்கள். எலும்புச் சில்லு தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். உள்ளே தெரியும் தடித்த உறை வன்றாயி. அதை நீளவாக்கில் கத்தரித்து விரித்தால் முண்ணாண்.

இனி நூல் கட்டிய நரம்பைப் பின்தொடருங்கள். துளைக்குள் ஒரு புடைப்பு இருக்கும்: முதுகுவேர்த் திரட்டு. புலன் நரம்புக் கலங்களின் உடல்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அங்கே நரம்பு இரண்டு வேர்களாகப் பிரியும். முதுகுப்புற வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவருகிறது. வயிற்றுப்புற வேர் தசைக்கான கட்டளையை வெளியே கொண்டுபோகிறது. 1822இல் பிரான்சின் உடற்றொழிலியலாளர் மஜோந்தி நாய்க்குட்டிகளின் வேர்களைத் தனித்தனியே வெட்டி இதைக் காட்டினார். அவை உயிருள்ள குட்டிகள் என்பதை நான் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை.

முண்ணாணில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, குளிர்ப்பெட்டியில் பாதி உறைந்ததும் புதிய பிளேட்டால் குறுக்கே சீவுங்கள். நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் நரைநிறம், சுற்றிலும் வெண்மை. பெருமூளையில் இது தலைகீழ்.

கழுத்து முழுதாகக் கிடைத்திருந்தால் எண்ணியும் பாருங்கள். முள்ளென்பு 7, நரம்புச் சோடி 8. ஆட்டில் முதற்சோடி முதல் முள்ளென்பிலேயே உள்ள துளைகள் வழியாக வெளியேறுவதால் ஒன்று கூடுகிறது. மனிதரிலும் கழுத்துக் கணக்கு இதேதான், மொத்தச் சோடிகள் 31.

மிச்சத்தை நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிட்டு, மேசையையும் கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.