ஹான் சோலோ முந்திச் சுட்டானா? ஸ்டார் வார்ஸ் வாக்குவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பொங்கல் விடுமுறையில் அக்கா மகனோடு உட்கார்ந்து ஹாலிவுட்டின் விண்வெளிச் சாகசப் படமான முதல் ஸ்டார் வார்ஸை ஓடவிட்டேன். மதுக்கடைக் காட்சி வந்தது. மேசைக்கு அடியில் ஹான் சோலோவின் கை மெதுவாகத் துப்பாக்கியை உருவுகிறது. எதிரே அவனைப் பிடிக்க வந்த கூலிக்காரன், பச்சைத் தோல் கிரீடோ. "இப்ப பாரு, ஹான் எப்படிப் பட்டுனு போட்டுத் தள்ளுறான்னு" என்றேன். திரையில் கிரீடோ என்னவோ ஒரு சொல்லைக் கத்தினான். அடுத்த நொடி இருவருமே சுட்டார்கள்.

"ரெண்டு பேரும்தான மாமா சுடுறாங்க? நீங்க தப்பா ஞாபகம் வெச்சிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் ஞாபகத்தில் தப்பில்லை. அவன் கண்ணிலும் தப்பில்லை. நான் பார்த்தது பழைய வீடியோ கேசட். அவன் பார்த்தது இன்றைய ஓடிடி பதிப்பு. இரண்டும் வேறு வேறு படம். ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் சண்டையில் பாதி இப்படித்தான் கிளம்புகிறது. இரண்டு பேருமே தாங்கள் பார்த்ததைச் சத்தியம் செய்து சொல்வார்கள், இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்வார்கள்.

எந்தப் பதிப்பு என்று கேட்காமல் சண்டையில் இறங்குவது

1977-இல் திரையரங்குக்கு வந்த படத்தில் சுட்டது ஹான் மட்டும்தான். 1997-இல் 'சிறப்புப் பதிப்பு' என்று புதுக் காட்சிகளும் கணினி வரைகலையும் சேர்த்து மறுபடி வெளியிட்டபோது, படத்தை எழுதி இயக்கிய ஜார்ஜ் லூகாஸ் அதை மாற்றினார்: கிரீடோ முதலில் சுடுகிறான், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக்கூடக் குறி தவறவிடுகிறான், அப்புறம்தான் ஹான் சுடுகிறான். 2004 டிவிடியில் இரண்டு வேட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்தன. 2019-இல் டிஸ்னி பிளஸ் வந்தபோது அதற்கு முன்னால் 'மக்லங்க்கி' என்று ஒரு கத்தலும் சேர்ந்துகொண்டது. ஆக, நாலு பதிப்பு. "படத்துல அப்படித்தான் இருக்கு" என்று மேசையைத் தட்டும் முன் எந்த ஆண்டுப் படம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு நொடி வெடிச்சத்தத்துக்கு இவ்வளவு சண்டையா என்று சிரிப்பவர்களும் உண்டு. என் கணக்கில் சண்டைக்கு நியாயம் இருக்கிறது. ஹான் காசுக்கு வேலை பார்க்கும் கடத்தல்காரன். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள யாரையும் போட்டுத்தள்ளுவான் என்று நாம் நம்பினால்தான், கடைசிப் போரில் அவன் திரும்பி வரும்போது உடம்பு சிலிர்க்கும். ஆரம்பத்திலேயே அவனை நல்ல பிள்ளை ஆக்கிவிட்டால் திரும்பி வருவதில் என்ன பெரிய விஷயம்?

இதில் வேடிக்கை, இதே லூகாஸ் 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய், பழைய படங்களுக்கு வண்ணம் பூசுவதையும் வெட்டி ஒட்டுவதையும் எதிர்த்துப் பேசியவர். கலைப் படைப்பை லாபத்துக்காக மாற்றுகிறவர்கள் காட்டுமிராண்டிகள் என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசினார். சரி, அது அடுத்தவர் படத்தைத் தொடுகிறவர்களுக்குச் சொன்னது, இது என் சொந்தப் படம் என்று அவர் தரப்பில் வாதிடலாம். ஆனாலும் 1977 படத்தை அப்படியே பார்க்க விரும்பியவர்களுக்கு அதன்பின் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2006 டிவிடியில் மெருகேற்றாத ஒரு பிரதியைக் கொசுறாகத் தந்தார்கள். 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் ஒரு பழைய 1977 பிலிம் சுருளை ஓட்டிக் காட்டியது பெரிய செய்தியானது அதனால்தான்.

இன்னொரு சின்ன விஷயம். 'எபிசோட் 4, எ நியூ ஹோப்' என்ற வரி 1977 படத்தின் தொடக்க எழுத்தில் கிடையாது. 1981 மறுவெளியீட்டில்தான் அது ஏறியது. "முதல் நாளே நாலாம் பாகம்னு போட்டாங்களே, அப்பவே எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தாரு" என்று யாராவது சொன்னால், அந்த வாதத்தின் முதல் செங்கல்லே ஆடுகிறது. அதுதான் அடுத்த தவறு.

எல்லாம் முதலிலேயே திட்டமிட்டது என்று நம்புவது

கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர்தான் நாயகன் லூக்கின் அப்பா. இந்த ஒரு வரியில்தான் மொத்தக் கதையும் நிற்கிறது. ஆனால் 1980-இல் வந்த இரண்டாவது படமான 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'குக்கு லீ பிராக்கெட் 1978 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்த முதல் திரைக்கதையில் அது இல்லை. அதில் லூக்கின் அப்பா ஆவியாக வந்து மகனோடு பேசுகிறார். வேடர் வேறு ஆள். அடுத்த மாதமே பிராக்கெட் புற்றுநோயால் இறந்துபோனார். அதன்பின் லூகாஸ் எழுதிய வரைவில்தான் அப்பாவும் வேடரும் ஒரே ஆளானார்கள்.

படப்பிடிப்பில் ரகசியம் காத்த விதம் அதைவிடச் சுவை. வேடர் உடைக்குள் நின்ற டேவிட் பிரவுஸுக்குக் கொடுத்த வசனம், உன் அப்பாவைக் கொன்றது ஓபி-வான் (லூக்கின் குரு) என்பது. லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கு மட்டும் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்னால் உண்மையைச் சொன்னார்கள். பின்னணிக் குரல் கொடுக்க வந்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அந்த வரியைப் படித்துவிட்டு, வேடர் பொய் சொல்கிறான் என்றே நினைத்தாராம். 1980-இல் படம் பார்த்தவர்களில் பலரும் அதையேதான் நினைத்தார்கள். அடுத்த படம் வரும்வரை மூன்று வருடம் அதை வைத்தே வாதம் ஓடியது. (போகிற போக்கில்: வேடர் "லூக், நான் உன் அப்பா" என்று சொல்வதே இல்லை. "இல்லை, நானே உன் அப்பா" என்பதுதான் வசனம். இதை வைத்துப் பந்தயம் கட்டி நான் இரண்டு முறை டீ வாங்கிக் குடித்திருக்கிறேன்.)

இளவரசி லேயா லூக்கின் தங்கை என்பதும் இப்படித்தான். 1980 படத்தில் அவள் லூக்கின் வாயில் முத்தம் கொடுக்கிறாள். முதல் நாளிலிருந்தே உடன்பிறப்பு என்று முடிவு செய்திருந்தால் எந்தக் கதாசிரியரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்.

ஆகவே லூகாஸின் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபின் வந்த மூன்று படங்களை (2015, 2017, 2019) திட்ட வேண்டுமானால் "இவங்களுக்குத் திட்டமே இல்ல, லூகாஸ் எல்லாத்தையும் முன்னாடியே எழுதி வெச்சிருந்தாரு" என்று ஆரம்பிக்காதீர்கள். திட்டம் இல்லாமலேயே பெரிய படம் எடுக்கலாம் என்பதற்கு எம்பயரே சாட்சி. அந்த மூன்று படங்கள் மேல் எனக்கும் குறை உண்டு. நாயகி ரேயின் பெற்றோர் யாரோ பெயர் தெரியாத ஆட்கள் என்று 2017 படம் துணிந்து சொன்னதை 2019 படம் அழித்து, அவளைப் பழைய படங்களின் வில்லன் பேரரசன் பால்படீனின் பேத்தி ஆக்கியது. முன்னவர் வைத்த புள்ளியிலிருந்து கோலத்தைத் தொடராமல், புள்ளியையே அழித்துவிட்டு வேறு கோலம் போட்டார்கள். திட்டமே இல்லை என்பதைவிட இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது கடினம்.

"லூகாஸ் ஒருத்தரோட கனவு" என்று பேசுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெரும்பாலானோர் தலையில் வைத்துக் கொண்டாடும் எம்பயரை இயக்கியது இர்வின் கெர்ஷ்னர். திரைக்கதையில் பெயர் பிராக்கெட்டுக்கும் லாரன்ஸ் கேஸ்டனுக்கும். முதல் படத்தின் படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கிய மூவரில் ஒருவர் மார்சியா லூகாஸ்.

அந்தக் காலத்தில் எல்லாரும் கொண்டாடினார்கள் என்பது

இல்லை. 1980-இல் எம்பயர் வந்தபோது நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி சலித்துக்கொண்டே எழுதினார். முடிவே இல்லாமல் நடுவில் விட்டுவிட்டார்கள் என்று முணுமுணுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். 1983-இல் ஈவாக் கரடிக்குட்டிகள் வந்தபோது, பொம்மை விற்கத்தான் இதெல்லாம் என்று வளர்ந்த ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். 1999-இல் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரம் வந்தபோது நடந்ததைச் சொல்லவே வேண்டாம். 2008-இல் அனிமேஷன் படத்தில் அசோகா என்ற சிறுமி அனகினுக்கு (வேடர் ஆகும் முன் அவனுக்கு இருந்த பெயர்) சிஷ்யையாக வந்தாள். வாயாடி, எரிச்சல், எதற்கு இவள் என்றார்கள். இன்று அவள் பெயரிலேயே தனித் தொடர் வந்துவிட்டது. அனகினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனின் நடிப்பை 2002-இல் கேலி செய்த அதே ரசிகர் உலகம், 2022-இல் அவர் ஓபி-வான் தொடரில் திரும்பி வந்தபோது கைதட்டி வரவேற்றது.

கைதட்டியவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். அவனுக்கு ஸ்டார் வார்ஸ் என்றால் 'குளோன் வார்ஸ்' கார்ட்டூன். அசல் மூன்று படங்களை அதற்கு அப்புறம்தான் பார்த்தான், அதுவும் நான் வற்புறுத்தி. எட்டு வயதில் எது பிடித்ததோ அதுதான் அளவுகோல். எனக்கும் அப்படியே. அளவுகோல் இருப்பதில் தப்பில்லை, அது எல்லார் வீட்டிலும் ஒரே நீளம் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

ஒரே ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவது

2017-இல் வந்த 'த லாஸ்ட் ஜெடாய்' இதற்கு நல்ல உதாரணம். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் மதிப்பெண் 90-ஐத் தாண்டியது, பார்வையாளர் மதிப்பெண் 40 சொச்சத்தில் நின்றது. "பாத்தியா, மக்களுக்குப் பிடிக்கல" என்பது ஒரு கட்சி. ஆனால் அப்போது அந்தத் தளத்தில் படம் பார்க்காதவரும் மதிப்பெண் போடலாம், டிக்கெட் வாங்கியதற்குச் சான்று கேட்கும் முறை 2019-இல்தான் வந்தது. முதல் நாள் படம் முடிந்து வெளியே வருகிறவர்களிடமே கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அதே படத்துக்கு 'ஏ' கிடைத்தது.

உடனே எதிர்க்கட்சி, "133 கோடி டாலர் வசூல், எல்லாருக்கும் பிடிச்சிருந்தது" என்று கிளம்பும். அந்த மூன்று படத் தொகுதியில் அதற்கு முந்தைய 2015 படம் 207 கோடி டாலர் வசூலித்தது. அப்படியானால் படுதோல்வியா? அதுவும் இல்லை. மூன்று படத் தொகுதியில் நடுப்படம் இறங்குவது இந்த வரிசையில் வழக்கம்தான். எம்பயரும் முதல் படத்தைவிடக் குறைவாகவே ஈட்டியது, 2002 படமும் 1999 படத்தைவிடக் குறைவு. வசூலை வைத்து யார் காசு கொடுத்தார்கள் என்று சொல்லலாம், வெளியே வரும்போது என்ன நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

நாவல்களை டிஸ்னி அழித்துவிட்டது என்பது

2014 ஏப்ரலில் நடந்தது இவ்வளவுதான்: அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ் எல்லாம் இனி 'லெஜெண்ட்ஸ்', புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படாது என்று அறிவித்தார்கள். புத்தகங்கள் கடையில் தொடர்ந்து கிடைத்தன. இருபது வருடமாக அவற்றைச் சேர்த்து வைத்தவர்களுக்கு வலித்தது நிஜம், அதைக் கிண்டல் செய்வது அழகல்ல. ஆனால் லூகாஸ் மட்டும் அந்த நாவல்களுக்குக் கட்டுப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். பிடித்ததை எடுத்துக்கொண்டார், மற்றதைத் தள்ளினார். தலைநகரக் கோளுக்கு கொரஸான்ட் என்று பெயர் வைத்தது 1991-இல் டிமதி ஸான் எழுதிய நாவல். அந்தக் கோள் 1997-இல் திரைக்கு வந்தது. அதே நாவலின் வில்லன் திரானை, 2014 அறிவிப்புக்குப் பின் டிஸ்னியே 'ரெபெல்ஸ்' அனிமேஷன் தொடருக்குக் கூட்டி வந்தது.

அறிவியல் பிழை பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெஸல் பாதையை 12 பார்செக்குக்குள் கடந்தேன் என்று ஹான் பீற்றிக்கொள்வான். பார்செக் நேரத்தின் அளவல்ல, தூரத்தின் அளவு; ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு. "லூகாஸுக்கு இதுகூடத் தெரியல" என்று சிரிக்கும் முன், அந்தக் காட்சியில் ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸின் முகத்தைப் பாருங்கள். இவன் அளக்கிறான் என்று ஓபி-வானுக்குப் புரிகிறது என்றே திரைக்கதையில் எழுதியிருக்கிறது. ஹானின் புளுகுக்கு விளக்கம் கண்டுபிடித்து, 2018 படத்தில் அதைக் குறுக்குவழி ஆக்கி மெய்யாக்கியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. புளுகு புளுகாகவே இருந்திருக்கலாம்.

பாத்திரத்தின் மேல் உள்ள கோபத்தை நடிகர் மேல் காட்டுவது

மேலே சொன்னவற்றில் தவறினால் மானம் போகும், ஒரு டீக்காசு போகும். இது அப்படி அல்ல. 'த லாஸ்ட் ஜெடாய்' படத்தில் ரோஸாக நடித்த கெல்லி மேரி டிரான், இனவெறியும் பெண் வெறுப்புமாகக் கொட்டிய வசைகளுக்குப் பின் 2018-இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் நீக்கினார். ரோஸ் கதைக்குத் தேவையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பாத்திரத்தை அவர் எழுதவில்லை.

ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்டுக்கு 1999-இல் வயது இருபத்தைந்து. படம் வந்தபின் கிளம்பிய வெறுப்பில் உயிரை விட்டுவிடலாமா என்று ஒரு பாலத்தில் போய் நின்றதை, ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து, 2018-இல்தான் வெளியே சொன்னார்.

2023-இல் 'மாண்டலோரியன்' தொடரின் மூன்றாம் பருவத்தில் ஒரு காட்சி. ஒளிவாள் வீரர்களான ஜெடாய்களின் கோயில் பற்றி எரிகிறது, குழந்தை குரோகுவைச் சுற்றிப் படைவீரர்கள். கதவு திறக்கிறது, ஒரு ஜெடாய் இரண்டு கையிலும் வாளோடு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஜார் ஜாரை இருபது வருடமாகத் திட்டித் தீர்த்த என் கல்லூரி நண்பன் அன்றிரவு போன் செய்தான். "மச்சான், அந்த ஜெடாய் யாருன்னு பாத்தியா? அகமது பெஸ்ட்டா" என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "திருப்பிப் போட்டுப் பாக்கப் போறேன்" என்று வைத்துவிட்டான்.