நண்பர்களோடு படம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரையரங்கிலிருந்து வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள்ளாகவே படம் தேறும் அல்லது தேறாது என்று முடிவைச் சொல்லிவிடுவதுதான் நண்பர்கள் கூட்டத்தில் மிகுதியாக நடக்கும் தவறு. முடிவு முதலில் வந்துவிட்டால், அதன்பின் பேசப்படுவதெல்லாம் அந்த முடிவைக் காப்பாற்றுவதற்கான வாதமாகச் சுருங்கிவிடுகிறது. கேட்பவரும் படத்தை மறந்து சொன்னவரை மறுக்கத் தொடங்குகிறார். எந்தக் காட்சியில் மனம் ஒன்றியது, எந்த இடத்தில் விலகியது என்று தொடங்குவதே நல்லது. "இரண்டாம் பாதி இழுவை" என்பதற்கு எவரும் பதில் சொல்ல முடியாது. "ஊரை விட்டுப் போன பிறகு நாயகனுக்கு என்ன வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை" என்றால், புரிந்த ஒருவர் அதை விளக்க முன்வருவார்.

குமரி மாவட்டத்தில் இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது; விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் மலையாளப் படத்தைத் திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளின் துணையின்றிப் பார்ப்பவர்கள் ஏராளம். அதனாலேயே எந்தத் தமிழ்ப் படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், மலையாளத்தில் என்றால் இதை எப்படி எடுத்திருப்பார்கள் தெரியுமா என்று ஒருவர் தொடங்கிவிடுகிறார். ஒப்பிடுவது தவறு இல்லை. இரண்டு படங்களும் யாருக்காக, எந்தத் தேவைக்காக எடுக்கப்பட்டன என்று கேட்காமல் ஒப்பிடுவதுதான் தவறு.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் சில பகுதிகள் படமாக்கப்பட்ட 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்ற மலையாளப் படம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பழைய வீடு ஒன்றில் குடியேறும் நாயகி, முன்பு அங்கே வாழ்ந்த நடனப் பெண்ணாகவே தன்னை எண்ணத் தொடங்கும் கதை அது. அந்தக் கதை 2004-இல் பி. வாசுவின் இயக்கத்தில் கன்னடத்துக்குச் சென்று, 2005-இல் அவருடைய இயக்கத்திலேயே 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தது. மூலமே சிறந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் கவனிக்க வேண்டியவை வேறு. மலையாளப் படத்தில் மனநல மருத்துவராக வரும் மோகன்லால் கதை வெகுதூரம் நகர்ந்த பின்பே நுழைகிறார். அதுவரை அந்த வீட்டின் அச்சமே படத்தைச் சுமக்கிறது. தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், கதை கட்டப்பட்டிருக்கும் முறையே மாறிவிடுகிறது. மலையாளத்தில் நாயகிக்குள் எழும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நடனப் பெண். அவள் பேசுவது தமிழ். தமிழ்ப் படத்தில் அவள் தெலுங்கு பேசுகிறாள். பழக்கமான முகத்திலிருந்து அயல் மொழி வெளிப்படும்போது எழும் அதிர்ச்சியை இரண்டு படங்களும் நாடின; ஒவ்வொன்றும் தன் பார்வையாளருக்கு அயலான மொழியைத் தேர்ந்துகொண்டது. குமரியின் மார்த்தாண்டத்தில் இருப்பவருக்கோ மலையாளமும் தமிழும் இரண்டுமே வீட்டு மொழிகள். மூலப் படத்தின் அந்தத் திருப்பம் கொச்சிப் பார்வையாளருக்குத் தந்த அதே அதிர்ச்சியை இவருக்குத் தந்திருக்காது. வேறு வகையான நெருக்கத்தைத் தந்திருக்கலாம். எது உயர்ந்தது என்ற சண்டையைவிட, நண்பர்கள் அமர்ந்து பேச வேண்டியது இதைப் பற்றித்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே படத்தை வைத்து இன்னொரு தவறையும் சுட்டலாம். நடிப்பு என்று நாம் புகழ்வது எப்போதும் ஒருவருடைய உழைப்பாக இருப்பதில்லை. 'மணிச்சித்திரத்தாழ்' படத்துக்காக ஷோபனா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். அது அவருடைய முகத்துக்கும் உடல்மொழிக்கும் முழுமையாக உரியது. ஆனால் படத்தில் நாம் கேட்பது பின்னணிக் குரல் கலைஞர்களின் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் நடுக்கம் வருகிறது என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாராட்டு சேர வேண்டிய இடம் வேறு. மொழிமாற்றம் செய்யப்பட்ட படங்களில் இந்தக் கவனம் இன்னும் தேவை. ஒருவர் மூல மலையாளத்தில் பார்த்திருப்பார், மதுரையிலிருக்கும் அவருடைய கல்லூரி நண்பர் தமிழ்க் குரலில் பார்த்திருப்பார். வசனம் செயற்கையாக இருந்தது என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஏனெனில் உதட்டசைவுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகச் சொற்கள் நீட்டியும் குறுக்கியும் எழுதப்படுகின்றன. எந்த மொழியில் பார்த்தீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டால் பாதி விவாதம் தேவைப்படாது.

வட்டார வழக்கைப் பற்றிய அவசரத் தீர்ப்பும் இங்கே அடிக்கடி நிகழ்கிறது. திரையில் தென்பகுதிப் பேச்சு வந்ததும், இது நம் பேச்சே இல்லை என்று ஒருவர் கொதிப்பார். நெல்லைப் பேச்சைக் குமரிப் பேச்சாக எண்ணிக் கொதிப்பதும் உண்டு. நாஞ்சில்நாட்டுக்காரர் தோவாளைப் பேச்சை அளவுகோலாக வைத்துக்கொண்டு விளவங்கோட்டுப் பாத்திரத்தைக் குறை கூறுவதும் உண்டு. பாத்திரம் எந்த ஊர், என்ன தொழில், எந்தத் தலைமுறை என்று பார்த்த பிறகே பேச்சு பொருந்துகிறதா என்று சொல்ல முடியும்.

நண்பர் ஒருவருடைய சமூகத்தைப் பற்றிய படமாக இருந்தால் இன்னும் பொறுப்பு வேண்டும். குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் 1980-களிலேயே தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன. கடற்கரை மக்களுக்குத் திரையில் தங்கள் பாறைகளையும் கோயில்களையும் பார்ப்பது புதிதல்ல. படகைக் கையாளும் விதம் தவறு, எங்களை முரடர்களாக மட்டும் காட்டுகிறார்கள் என்று அவர்களில் ஒருவர் சொல்லும்போது, "சினிமாதானே, விட்டுவிடு" என்று சொல்வது அவருடைய வாயை அடைப்பதாகும். அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. அந்த ஊர்க்காரர் அருகில் இருக்கும்போது, நடுக்கடல் புயல் காட்சியில் கணினி வேலை சரியில்லை என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது மனிதத் தன்மையே அல்ல. அதற்காகக் குறையைச் சொல்லவே கூடாது என்பதில்லை. முதலில் அவரைப் பேச விட வேண்டும்.

வசூலைத் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவதையும், பிடித்த நடிகரைக் குறை சொன்னவரைத் தன் எதிரியாக்கிக்கொள்வதையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதையின் திருப்பத்தை முன்கூட்டியே வெளியிடுவது குறித்து மட்டும் ஓர் எச்சரிக்கை. வளைகுடா நாடுகளில் பல படங்கள் வியாழக்கிழமை மாலையே வெளியாகிவிடுகின்றன. அங்கே வேலை செய்யும் நண்பர் பார்த்த உடனே வாட்ஸ்அப் குழுவில் திருப்பத்தை எழுதிவிட்டால், வெள்ளிக்கிழமைக்குச் சீட்டு எடுத்து வைத்திருக்கும் ஊர் நண்பர்களுக்குப் படமே போய்விடுகிறது. ஞாயிறு இரவு வரை கதையைத் தொடாமல் பேசுவது என்று குழுவில் ஓர் ஒப்பந்தம் இருப்பது நல்லது.

தொலைக்காட்சித் தொடர்களை இணையத் தொடர்களின் அளவுகோலால் அளப்பதும் பொருத்தமற்றது. ஒரே அதிர்ச்சியை நான்கு முகங்களில் காட்டுகிறார்கள், நேற்று நடந்ததையே திரும்பச் சொல்கிறார்கள் என்ற குறை உண்மையானதுதான். ஆனால் நாள்தோறும் வரும் தொடர், சமையலறையில் நின்றபடி காதால் கேட்பவரையும், இரண்டு நாள் விட்டுப் பார்ப்பவரையும் கணக்கில் கொண்டு செய்யப்படுவது. எட்டுப் பகுதிகளை ஓர் இரவில் பார்த்து முடிக்கும் கதைக்கு அந்தத் தேவை கிடையாது. அம்மாவோ சித்தியோ பல மாதங்களாகப் பார்க்கும் தொடரைப் பற்றி ஒரே ஒரு பகுதியைப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வதைவிட, அந்த மாமியார் ஏன் அப்படி நடந்துகொள்கிறாள் என்று அவர்களிடமே கேளுங்கள். மறக்காமல் வைத்திருக்கும் பழைய நிகழ்ச்சிகளை எல்லாம் வரிசையாக எடுத்துவைத்து அவர்கள் சொல்லும் விளக்கம் ஒரு முழுமையான விமர்சனமாகவே இருக்கும்.