புரோஸ்டேட் கேள்வித்தாள்: டிக் அடிக்கும் முன்

ஐம்பதைத் தாண்டிய ஆண் யூரின் தொந்தரவு என்று யூராலஜி ஓ.பி.க்குப் போனால், ஸ்கேனுக்கு முன்பே ஒரு தாளை நீட்டலாம். ஐ.பி.எஸ்.எஸ். என்று பெயர்; சர்வதேச புரோஸ்டேட் அறிகுறி மதிப்பெண் என்பதன் சுருக்கம். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. 1992இல் அமெரிக்க யூராலஜி சங்கம் வெளியிட்ட ஏழு கேள்விகள்தான் அடிப்படை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 35. 7 வரை லேசு, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

தாள் கேட்பது கடந்த ஒரு மாதத்தை. நம்மவர்கள் எழுதுவதோ நேற்று ராத்திரியை.

அதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. 'முக்கித்தான் போக வேண்டியிருக்கு, உயிர் போகுது' என்று 5ஐ டிக் அடிப்பார்கள். எவ்வளவு கஷ்டம் என்று அங்கே கேட்கவில்லை, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை என்றுதான் கேட்கிறார்கள். 'ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவு', 'பாதிக்கும் குறைவு' என்ற வரிகள் படித்தவர்களையே குழப்பும். பத்துத் தடவை போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று தடவை முக்கினால் 2, ஐந்து தடவை என்றால் 3, பத்திலும் என்றால் 5. சரி, ஏழாவது கேள்விக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ராத்திரி தூக்கத்திலிருந்து எத்தனை முறை எழுந்து போனீர்களோ அதுதான் மதிப்பெண். ஐந்துக்கு மேல் போனாலும் 5தான். காலையில் எழுந்ததும் போவது இதில் சேராது.

'அப்பா கண்ணாடி கொண்டுவரலை, நானே போட்டுடறேன்' என்று மகன் பேனாவை வாங்கிவிடுவதும் நடக்கிறது. வாசித்துக் காட்டட்டும், அது உதவி. ஆனால் போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு மகனுக்கு எப்படித் தெரியும்?

மதிப்பெண் கூடிவிட்டால் புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். ஏழு கேள்வியிலும் புரோஸ்டேட் என்ற பேச்சே கிடையாது. சர்க்கரை நோய், யூரின் இன்ஃபெக்‌ஷன் எதுவானாலும் எண் ஏறும். பெண்கள் எழுதினாலும் ஏறலாம்.

கடைசியில் தனியாக ஒரு கேள்வி இருக்கும்: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் எப்படி உணர்வீர்கள்? 35இல் இது சேராது என்பதால் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். மாத்திரையா, ஆபரேஷனா, கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு இந்தப் பதில் ரொம்பவே தேவை. 18 எடுத்தும் கவலைப்படாதவர் உண்டு, 9க்கே தூக்கம் கெட்டவரும் உண்டு.

எழுத்து சிரமமானால், 2011இல் தென்னாப்பிரிக்காவில் வெளிவந்த, படம் பார்த்துக் குறிக்கும் நான்கு கேள்வி வடிவமும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நர்ஸிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.